சமயக்கணக்கரும் கேட்போரும்: பொது அவையில் மெய்ப்பொருள் ஆராய்ச்சி

மரக்காணத்து உப்பளங்களை அடுத்துள்ள சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்த இலக்கியக் கூட்டத்தில், மணிமேகலையின் 27-ஆம் காதையாகிய ‘சமயக்கணக்கர் தந்திறங் கேட்ட காதை’ பற்றிப் பேசும் வாய்ப்பு அண்மையில் எமக்குக் கிடைத்தது. அளவைவாதி தொடங்கிப் பூதவாதி ஈறாகப் பதின்மர் கொள்கைகளையும் ஒருவாறு சுருக்கிக் கூறி அமர்ந்தோம். கேட்டோருள் உப்பளத்தில் நெடுங்காலம் உழைத்த முதியவர் ஒருவர் எழுந்து, “ஐயா, பத்துப் பேரும் அவங்கவங்க சமயத்தைச் சொன்னாங்கன்னீங்க. ஒருத்தரை ஒருத்தர் ஒரு கேள்வியாவது கேட்டாங்களா?” என்று வினவினார். காலம் கடந்துவிட்டதென்று கூட்டத்தை நடத்தியவர்கள் அவரை அமரச் செய்தனர். யாமும், அது காப்பிய மரபு என்று ஒரு சொல்லாற் கூறி முடித்தோம். அவையோர் கைதட்டினர். அவ்விடை எம் உள்ளத்திற்கே நிறைவளிக்கவில்லை. அம்முதியவர் கேட்ட வினா, காப்பிய ஆராய்ச்சியாளர் கேட்டிருக்க வேண்டிய வினா. பலர் கூடும் பொதுவிடத்தில் மெய்ப்பொருள் ஆராய்ச்சி உண்மையாகவே நிகழக்கூடுமா, அன்றிப் பல கொள்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக முழங்கி அடங்குவதோடு அமையுமா என்னும் பெருவினா அதனுள் அடங்கிக் கிடக்கின்றது. அதனைத் தமிழ் நூல்களைக் கொண்டே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

பொது அவையில் வாதம் புரியும் வழக்கம் தமிழகத்திற்குப் புதியதன்று. பட்டினப்பாலை புகார்த் துறைமுகத்தில் அசையும் கொடிகளை வரிசைப்படுத்துமிடத்து, கப்பற் கொடிகளோடும் கள்விற்கும் மனைகளின் கொடிகளோடும், வாதுக்கு அழைத்து நல்லாசிரியர் உயர்த்திய கொடியையும் சேர்த்தே கூறுகின்றது. இச்சேர்க்கை கருதத்தக்கது. அறிவுவாதம் மன்னன் மனையிலோ மடத்தினுள்ளோ அன்றிப் பண்டம் விற்கும் தெருவின் ஆரவாரத்தினிடையே நிகழ்ந்தது என்பதைப் புலவர் எவ்வகைக் கூச்சமுமின்றிக் காட்டுகின்றார். சிலப்பதிகாரம், மகத நாட்டு வேந்தன் கரிகாலனுக்குத் தந்த பொருளாகப் பட்டிமண்டபத்தைக் குறிக்கின்றது. மணிமேகலையின் முதற்காதையில் இந்திரவிழாவினை அறிவிக்கும் முரசறைவோன், சமயவாதிகள் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறுக என்கின்றான். பகைவரோடாயினும் சினமும் பூசலும் கொள்ளாது விலகிச் செல்க என்றும் அவனே கூறுகின்றான். வாதுக்கு அழைக்கும் அறிவிப்பும் பூசலை விலக்கும் அறிவிப்பும் ஒரே முரசில் ஒலித்தமையை நோக்குக. பொது அவையின் இடர் இன்னதென்று சாத்தனார் காலத்தாரே அறிந்திருந்தனர் என்பது இதனாற் போதரும்.

தொல்காப்பியப் புறத்திணையியல் எண்வகைப் பண்பு அமைந்த அவையத்தை வாகைத்திணையின் துறைகளுள் ஒன்றாக வைத்தது. வள்ளுவர் அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். ஆயினும் இவை பெரும்பாலும் பேசுவோனையும் நடுவிருப்போரையும் நோக்கியவை. வந்து கேட்போனுக்கு அவையில் யாது பணி என்பதை விரிவாகக் காட்டும் நூல், எமக்குத் தெரிந்த அளவில் மணிமேகலை ஒன்றே.

இனி 27-ஆம் காதைக்கு வருவோம். முதற்கண் ஒரு பிழையைத் திருத்திக்கொள்ளல் வேண்டும். வஞ்சியில் நிகழ்ந்ததைப் பட்டிமண்டப வாதம் என்று எழுதுவார் பலர். எம் பேச்சிலும் அவ்வாறே கூறினோம். ஆனால் பட்டிமண்டபம் என்னும் சொல் புகாரின் விழாவறிவிப்பில் உள்ளதேயன்றி இக்காதையில் இல்லை. மணிமேகலை ஒவ்வொரு சமயக்கணக்கரையும் தானே அணுகி, நின் கொள்கை யாது, நின் இறைவன் யார், நின் நூல் கூறுவது என்ன என்று கேட்கின்றாள், அவர் கூறுகின்றார், அவள் அடுத்தவரிடம் செல்கின்றாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்னும் பதின்மரும் அவளிடமே பேசுகின்றனர், தமக்குள் பேசிக்கொள்ளவில்லை. ஆகவே முதியவரின் வினாவிற்கு நேர்விடை, ‘இல்லை, கேட்கவில்லை’ என்பதே.

இக்காதை வறண்டது, கவிதையன்று, தருக்க நூற்சுருக்கம் என்று குறை கூறிக் கடந்து செல்வாரும் உளர். வறட்சியை யாமும் மறுப்பதற்கில்லை. ஆயின் காதையின் முடிவில் நிகழும் சிறு உரையாடலை அவர்கள் ஊன்றி நோக்கினாரல்லர். பூதவாதி, காட்சியளவை ஒன்றே கொள்ளத்தக்கது, இம்மையும் மறுமையும் இவ்வுடலோடு முடிவன என்கின்றான். அதுகாறும் கேட்டுவந்த மணிமேகலை, எல்லா நெறிகளும் நல்லன அல்லவாயினும் மாறுரை கூறேன் என்னும் உறுதியோடிருந்தவள், இவ்விடத்துச் சிரித்துவிடுகின்றாள். முற்பிறப்பை அறிந்தோர் உண்டே என்பது அவள் உட்கோள். தன் பழம்பிறப்பைத் தான் உணர்ந்தவள் ஆதலின் அவளுக்கு அது ஐயத்திற்கு இடமில்லாச் செய்தி. பூதவாதி அசையவில்லை. தெய்வ மயக்காலோ கனவாலோ உண்டாகும் மனத்திரிபு அது என்று ஒதுக்கிவிடுகின்றான். அவன் நிலையில் நின்று நோக்கின் அது முறையான மறுப்பே. ஒருவர் தம் உள்ளத்தினுள் மட்டும் கண்டதைப் பிறர் ஏற்க வேண்டும் என்பதற்கு வழக்கு யாது?

அடுத்து அவள் கூறுவது காதையின் உயிர்நிலை. நின் தந்தை தாயரை அனுமானத்தால் அன்றி வேறெவ்வாறு அறிவாய் என்று கேட்கின்றாள். முற்பிறப்பைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டாள். தனக்கு மட்டும் தெரிந்த சான்றினின்றும் இறங்கி, இருவர்க்கும் பொதுவான ஒன்றன்மேல் கால் ஊன்றினாள். தன்னைப் பெற்றதைக் கண்ணாற் கண்ட மகன் இல்லை. ஆயினும் பூதவாதியும் தனக்குத் தாய் தந்தையர் உண்டென்றே வாழ்கின்றான். பதின்மரும் நெடிது பேசிய காதையில் மெய்ப்பொருள் ஆராய்ச்சி என்று சொல்லத்தக்கது இவ்வோரிடத்திலேயே நிகழ்கின்றது. அது நிகழ்ந்ததற்குக் காரணம் அவள் கல்வி மிகுதியன்று. எதிரியும் மறுக்கவொண்ணாத பொதுநிலம் ஒன்றைத் தேடிக் கண்டமையே. பொது அவை என்பதற்குப் பொருள் பலர் கூடிய இடம் என்பது மட்டுமன்று. சான்றும் பொதுவாக இருத்தல் வேண்டும் என்க.

இவ்வுரையாடலைக் கொண்டு அவையை மிகவும் புகழ்வதற்கு முன், அங்கு நின்றவள் எவ்வடிவில் நின்றாள் என்பதையும் எண்ணுதல் வேண்டும். மணிமேகலை தன் உருவில் அங்குச் செல்லவில்லை. மாதவன் வடிவில் சென்றாள். அதன் காரணத்தை மந்திரங்கொடுத்த காதையிலேயே மணிமேகலா தெய்வம் கூறிவிட்டது: நீ இளையவள், பெண், ஆதலின் சமயத்தார் நினக்குப் பொருள் உரையார். வாதக்கொடி வானளாவப் பறந்த நாட்டில், கேட்கும் உரிமைக்கே ஒருத்தி உருமாற வேண்டியிருந்தது. இதனைச் சாத்தனார் பழித்துரைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அன்று மரக்காணத்துக் கூட்டத்தில் அம்முதியவர் வேறு உடையில், ஒரு கல்லூரியின் பெயரைச் சொல்லி எழுந்திருந்தால் அவருக்குக் காலம் இருந்திருக்கும் என்று எமக்குத் தோன்றுகின்றது.

வாதம் கேட்கும் முறையால் அன்றி வெல்லும் முறையால் நடக்குமாயின் யாது விளையும் என்பதற்கும் நம் இலக்கியத்திற் சான்றுகள் பல. குண்டலகேசியின் வரலாற்றைத் தேரிகாதையின் உரை கூறுகின்றது. ஊர்வாயிலில் மணலைக் குவித்து அதில் நாவற்கிளையை நட்டு வைப்பாள்; வாதிட விரும்புவோர் அதனை மிதித்தழிக்க வேண்டும். பலரையும் வென்று வந்தவளைச் சாரிபுத்தர் ‘ஒன்று என்பது யாது’ என்னும் ஒரே வினாவால் நிறுத்திவிட்டார். அவள் தெரியாது என்று ஒப்புக்கொண்டாள், மாணவியானாள். கிளை நட்ட ஊர்களிலெல்லாம் அவள் கற்றது ஒன்றுமில்லை. தெரியாது என்ற பின்னரே கற்கத் தொடங்கினாள். தமிழில் அவள் பெயரால் அமைந்த பௌத்தக் காப்பியம் அழிந்து சில பாடல்களே எஞ்சின. அதற்கு எதிராக எழுந்த சமண நூலாகிய நீலகேசி, சமயதிவாகர வாமன முனிவரின் உரையோடு முழுமையாகக் கிடைக்கின்றது. நீலகேசியில் வினாவும் விடையும் உண்மையாகவே மோதுகின்றன; வாதம் என்ற அளவில் மணிமேகலையினும் அது விறுவிறுப்புடையது. ஆயினும் குண்டலகேசி வாதச் சருக்கம் முதல் பூதவாதச் சருக்கம் வரை ஒவ்வொரு சருக்கத்தின் முடிவையும் தொடக்கத்திலேயே நாம் அறிவோம். தோற்றவளின் நூல் மறைந்து, அவள் கொள்கையை வென்றவளின் வாய்மொழியாலேயே பெரிதும் அறியவேண்டிய நிலை நமக்கு வாய்த்தது. பெரியபுராணம் கூறும் அனல்வாதத்தையும் புனல்வாதத்தையும் பற்றி ஈண்டு மிகுதியாகக் கூற வேண்டுவதில்லை. அவற்றிற்கு வாதம் என்பது பெயர். முடிவு கூறியவை நெருப்பும் ஆற்றுநீரும்.

பழங்காலம் அவ்வாறாக, அச்சுப்பொறி வந்தபின் நிலை மாறிற்றா? மரக்காணத்தினின்று இக்கடற்கரை வழியே தெற்கே சென்றால், புதுச்சேரிக்கு அப்பால் கடலூரை அடுத்து மஞ்சக்குப்பம் உள்ளது. அருட்பா மருட்பாப் பூசல் 1869-இல் வழக்காக வந்து நின்ற நீதிமன்றம் அங்கிருந்தது. இராமலிங்க அடிகளாரின் பாடல்கள் 1867-இல் ‘திருவருட்பா’ என்னும் பெயரோடு, திருமுறைகளாக வகுக்கப்பெற்று வெளிவந்தன. ஆறுமுக நாவலர் தரப்பினர் இதனை மறுத்தனர்; ‘போலியருட்பா மறுப்பு’ எழுந்தது; மறுப்புக்கு மறுப்பும் எழுந்தது. நடுநின்று நோக்குவார்க்கு இதன் அடியில் உயர்ந்ததொரு மெய்ப்பொருள் வினா கிடப்பது புலனாகும். அருளால் தோன்றிய மொழி என்பதை எவ்வளவையால் அறிவது? அது முன்னோர் காலத்தோடு முடிந்ததா, நம்மிடையே வாழும் ஒருவரிடத்தும் நிகழக்கூடுமா? அதனை முடிவு செய்வோர் யார்? ஆகமப் பிரமாணத்தைப் பற்றி அளவை நூலார் எழுப்பும் வினாவும் இதுவே. சைவமும் தமிழும் கண்ட இருபெரும் மலைகள் எதிரெதிரே நின்ற அக்காலத்தில் இவ்வினா தீர ஆராயப்பட்டிருக்குமாயின் தமிழ் மெய்ப்பொருள் நூல் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கும். கிடைத்தவை பெரும்பாலும் வசைத் துண்டுநூல்கள். நீதிமன்றமோ அவதூறு நிகழ்ந்ததா என்பதையன்றி வேறொன்றை விசாரிக்க வல்லதன்று. இதில் எத்தரப்பின்மேல் குற்றம் மிகுதி என்று அளப்பது எம் கருத்தன்று. இரு தரப்பாரும் எதிர்த்தரப்பாரை நோக்கி எழுதினாரல்லர். தத்தம் பின்னே நின்ற கூட்டத்தை நோக்கியே எழுதினர். அச்சு, கேட்போர் தொகையைப் பெருக்கிற்று. கேட்கும் வகையைக் கற்பிக்கவில்லை.

இக்காலப் பட்டிமன்றங்களைப் பற்றிச் சிலர் எம்மிடம் கேட்பதுண்டு. 1939-இல் தோன்றிய காரைக்குடிக் கம்பன் கழகம் போன்ற அமைப்புகளின் மேடைகளில் அவை இலக்கியச் சுவையை ஊட்டின. தொலைக்காட்சி வந்தபின் பண்டிகைநாள் இன்பமாயின. அவற்றை இகழ்வதிற் பயனில்லை. நடுவரின் தீர்ப்பை எதிர்பார்த்து அமரும் அவை சிரிப்பதற்கு வந்தது. அது தன் பணியைச் செவ்வனே செய்கின்றது.

இனி, முதியவரின் வினாவிற்கு மீள்வோம். பதின்மரும் ஒருவரையொருவர் வினவவில்லை என்றால் அவர்கள் கூற்றுகள் விடையின்றியே நின்றனவா? அங்ஙனம் நில்லாமையை 29-ஆம் காதை காட்டுகின்றது. இத்தொடர்பை யாம் உணர்ந்ததும் அம்முதியவராலேயே. கூட்டம் முடிந்த மறுநாட் காலை அவரைத் தேடி உப்பளத்திற்குச் சென்றோம். பாத்திகளில் உவர்நீர் சிவந்து நின்றது. உப்பு மிகுந்த நீரில் வாழும் நுண்ணுயிர்களால் வருவது அந்நிறம். “நேத்து மேகத்தைப் பார்த்து மழைன்னு அறியறதும் ஒரு அளவைன்னு சொன்னீங்க. நாங்களும் இந்தச் சிவப்பைப் பார்த்து உப்பு இறங்கும்னு சொல்லுவோம். ஆனா நடுவுல ஒரு மழை பேஞ்சா எல்லாம் கரைஞ்சு போகும். அப்ப அந்த அளவை என்ன ஆச்சு?” என்றார் அவர்.

வஞ்சியில் அளவைவாதி அனுமானத்தைப் பொது, எச்சம், முதல் என மூன்றாகப் பகுக்கின்றான். காட்டில் யானையின் ஒலி கேட்டு யானை உண்டென்று அறிவது பொது. ஆற்றில் வெள்ளம் கண்டு மேலே மழை பெய்ததென்று அறிவது எச்சம். சூல்கொண்ட முகிலைக் கண்டு மழை பெய்யும் என்பது முதல். மூன்றையும் ஒரு தரமாகவே அவன் வைத்துச் செல்கின்றான். மணிமேகலை அவ்விடத்து ஒன்றும் கூறவில்லை. அவனுக்கு அடுத்து நின்ற சைவவாதியும் கூறவில்லை. ஆனால் கச்சியில் அறவண அடிகள் அளவைகளைக் காட்சி, கருத்து என இரண்டாகச் சுருக்கிவிட்டு, காரணத்தைக் கொண்டு கருதுவது முதலியன பிழைபடவும் கூடும், பிழைபடாதது காரியத்தைக் கொண்டு காரணத்தைக் கருதுவதே, புகையைக் கண்டு நெருப்பை அறிவது போல என்று கற்பிக்கின்றார். முகில் காரணம், மழை காரியம், முகில் பொய்க்கும். வெள்ளம் காரியம், மழை காரணம், வெள்ளம் பொய்க்காது. அளவைவாதி ஒன்றாகக் கட்டிய மூன்றையும் அடிகள் பிரித்துவிடுகின்றார். வஞ்சியில் எழுந்திருக்க வேண்டிய மறுப்பு இதுவே. அது இரண்டு காதைகள் தள்ளி, வேறோர் ஊரில், ஆசிரியர் ஒருவரும் மாணவி ஒருத்தியும் தனித்திருந்தவிடத்து எழுகின்றது.

சாத்தனார் இவ்விரு காதைகளையும் எதிரெதிரே வைத்துப் படிக்கவே அமைத்தார் என்பது எம் துணிபு. 29-ஆம் காதையின் தருக்கப் பகுதி சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசத்தோடு ஒத்திருத்தலை வடமொழி வல்லார் எடுத்துக்காட்டியுள்ளனர். சா. கிருஷ்ணசாமி ஐயங்காரும் மணிமேகலை பற்றிய தம் 1928-ஆம் ஆண்டு நூலில் இத்தருக்கப் பகுதியின் காலத்தை ஆராய்ந்தார். ஆனால் ஆராய்ச்சி முழுவதும் நூல் எங்கிருந்து வந்தது என்பதிலேயே நின்றுவிட்டது. அப்பகுதி 27-ஆம் காதைக்கு விடையாக நிற்றலை அது போதிய அளவு கருதவில்லை. விடையைச் சுமந்து செல்பவள் மணிமேகலை. மாறுரை கூறேன் என்று அவள் வஞ்சியில் அடங்கியிருந்தது இயலாமையன்று. பதின்மர் கூற்றையும் சிதையாமல் கச்சிவரை கொண்டு செல்வதற்கு அவ்வடக்கம் வேண்டியிருந்தது. அங்கேயே ஒவ்வொன்றையும் மறுக்கப் புகுந்திருந்தால் அவள் நீலகேசியாகியிருப்பாள். பொது அவை அவளுக்குத் தந்தது முடிவன்று, வினாக்கள். அவையில்லையேல் அறவண அடிகள் கற்பித்த தருக்கத்திற்கு உரசிப் பார்க்கும் பொருளே இராது. அடிகள் இல்லையேல் அவை வெற்றொலி.

இந்நூல் நமக்குக் கிடைத்த வரலாறும் இதற்குச் சான்றாகின்றது. உ. வே. சாமிநாதையர், மணிமேகலை பௌத்த நூல் என்பதையே கும்பகோணத்தில் உடன் பணியாற்றிய ரங்காசாரியாருடன் பேசித்தான் தெளிந்தார். நூல் 1898-இல் அச்சேறிற்று. தருக்கம் செறிந்த இறுதிக் காதைகளுக்கு உரைகண்ட ஔவை சு. துரைசாமிப் பிள்ளை பிறந்தது, மரக்காணத்திற்கு அணித்தேயுள்ள திண்டிவனம் பகுதியின் ஔவையார்குப்பம். சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நல்லூர் நத்தத்தனாரின் இடைக்கழிநாடு உப்பளங்களுக்குச் சற்று வடக்கே கிடக்கின்றது. அந்நூல் கூறும் எயிற்பட்டினம் மரக்காணமே என்று கருதுவாரும் உளர். அவ்வுரையாசிரியர் பகுத்துக் காட்டிய காரண காரிய வேறுபாட்டை, அவர் ஊருக்கு அருகிலேயே உவர்நீரைப் பார்த்து ஒருவர் தாமாகக் கண்டுவைத்திருக்கின்றார். அவரைப் பேசவிடாத கூட்டத்தில் அக்காதையைப் பற்றிப் பேசியவர் யாம்.

அன்று பாத்தி வரம்பில் நின்றவாறே அடிகளின் விடையை அவருக்கு விரித்துரைத்தோம். இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். வெள்ளம் காட்டாகக் கூறியதை உடனே ஏற்றார். புகையைப் பற்றி, பனிமூட்டத்தைப் புகையென்று மயங்கினால் என்னாகும் என்று கேட்டார். பின்னர், “அந்த அடிகள் இதை வஞ்சிக்கே வந்து அந்தப் பத்துப் பேர் முன்னால சொல்லியிருக்கலாமே?” என்றார். பனிமூட்டத்திற்கு விடை உண்டு. அது காட்சியின் பிழையேயன்றிக் கருத்தின் பிழையன்று. அறவண அடிகளைச் சாத்தனார் ஏன் சமயக்கணக்கரிடையே அமர்த்தவில்லை என்னும் இரண்டாம் வினாவிற்கு நூலினுள் யாம் இன்னும் விடை காணவில்லை. அன்பர்கள் காண்பாராயின் இவ்விதழிலேயே எழுதுமாறு வேண்டுகின்றோம்.